விதைத்தவன் பைத்தியக்காரனா, நடுவர் அவர்களே?

(சர்ச்சில் அறுப்பின் பண்டிகை இரவு நடந்த பட்டிமன்றம். தலைப்பு: ‘விதைப்பவர் உவமையில் விளைச்சலுக்குப் பெரிதும் காரணம் விதைத்தவரா, விழுந்த நிலமா?’ இயேசு சொன்ன அந்தக் கதையில், ஒருவன் தூவிய விதை வழியோரத்திலும் பாறையிலும் முள்ளிலும் விழுந்து வீணாகிறது; நல்ல நிலத்தில் விழுந்தது முப்பது, அறுபது, நூறு மடங்கு பலன் தருகிறது. விதைத்தவர் அணியில் இரண்டாவதாகப் பேசியது.)

நடுவர் அவர்களுக்கும், குருவானவர் ஐயாவுக்கும், இந்தப் பக்கம் என்னோடு இருப்பவர்களுக்கும், அந்தப் பக்கம் தோற்கப் போகிறவர்களுக்கும் வணக்கம். சபையாருக்கு ஸ்தோத்திரம். காலையில் ஏலத்தில் ஒரு பூசணிக்காயை 450 ரூபாய்க்கு எடுத்தவர் எங்கே உட்கார்ந்திருக்கிறாரோ, அவருக்குத் தனி வணக்கம். வீட்டில் என்ன சொன்னார்கள் என்று கூட்டம் முடிந்ததும் கேட்டுக்கொள்கிறேன்.

தலைப்புக்கு வருகிறேன். வந்தாயிற்று, உடனே வெளியே போகிறேன். ஏனென்றால் எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் ஒரு வார்த்தையை வீசிவிட்டுப் போயிருக்கிறார். “வழியோரத்தில் கொஞ்சம் போட்டான், பாறையில் கொஞ்சம் போட்டான், முள்ளில் கொஞ்சம் போட்டான். நாலில் மூணு போச்சு. இவன் விவசாயியா, பைத்தியக்காரனா? இவனை நம்பி எந்த பேங்கிலாவது நகைக்கடன் கொடுப்பானா?” என்றார். கைதட்டல் பறந்தது. என் வீட்டம்மாவும் தட்டினாள். இங்கிருந்தே பார்த்தேன்.

அண்ணே, நகைக்கடன் நகையைப் பார்த்துக் கொடுப்பது. ஆளைப் பார்த்துக் கொடுப்பதில்லை.

அது போகட்டும். அந்தப் பைத்தியக்காரன் பட்டம் எனக்குப் புதிது இல்லை. எட்டு வயதில், இதே வளாகத்தில், இதே பட்டத்தை வாங்கியிருக்கிறேன். சண்டே ஸ்கூல் ஆண்டு விழா. நாடகம், விதைப்பவர் உவமை. விதைக்கிறவன் நான். வழியோரமாக ஒரு பையன் நீட்டிப் படுத்திருந்தான். அவனுக்கு வசனம் கிடையாது, அசையாமல் கிடக்க வேண்டும், அவ்வளவுதான். முள்ளுக்கு மூன்று பேர், தலையில் அட்டையில் வெட்டிய முள். பறவைக்கு நாலு பேர். பாறைக்கு, உடம்பு கொஞ்சம் பூசினாற்போல் இருந்த ஒரு பையன். நல்ல நிலம் யார் என்று நான் சொல்ல வேண்டுமா? டீச்சர் மகள். வெள்ளை கவுன்.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. விதையில்தான் தப்பு நடந்தது. ரேஷன் கோதுமையைப் போட்டால் கடைசி வரிசைக்குத் தெரியாது என்று டீச்சர் யோசித்தார். யோசித்து, வறுத்த நிலக்கடலை ஒரு கிலோ வாங்கி வந்து என் பையில் கொட்டிவிட்டார்.

நடுவர் அவர்களே, மாலை ஆறரை மணி. மதியம் சாப்பிட்ட பிள்ளைகள். வறுத்த கடலை.

வழியோரத்தில் போட்டேன். பறவைகள் வந்து பட்சித்தன. வேதத்தில் உள்ளபடியே நடந்தது, சபையார் கைதட்டினார்கள். அடுத்து பாறை. மண்ணுக்கு ஆழமில்லாததால் சீக்கிரம் முளைத்து, வெயில் ஏறினதும் தீய்ந்துபோக வேண்டும். பாறை ஒரு கண்ணைத் திறந்தது. நெஞ்சின்மேல் கிடந்த கடலையைப் பார்த்தது. கண்ணை மூடிக்கொண்டது. மூடியபடியே கை மட்டும் மெதுவாக வந்து, எடுத்து, வாயில் போட்டது. திரைக்குப் பின்னாலிருந்து டீச்சர், “பாறை! ஏ பாறை! மெல்லாதே!” என்கிறார். பாறை மெல்லுகிறது, நடுவர் அவர்களே! கடமுடவென்று சத்தம் வருகிறது. இருக்காதா பின்னே, பாறை ஆயிற்றே!

சரி, முள்ளாவது ஒழுங்காக இருக்கும் என்று அங்கே போனேன். ‘முள் வளர்ந்து நெருக்கிப்போட்டது’ என்று வேதத்தில் இருக்கிறது. எங்கள் முள் நொறுக்கிப்போட்டது. மூன்று முள்ளும். தோலோடு.

நல்ல நிலம் மட்டும் பாவம், அம்மா சொல்படி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஆனால் வழியோரத்தில் முடித்த பறவைகள் சும்மா இருக்குமா? நாலும் ஒரே பாய்ச்சலாக நல்ல நிலத்தின்மேல் இறங்கின. மத்தேயுவிலும் இல்லாத, மாற்கிலும் இல்லாத, லூக்காவிலும் இல்லாத ஐந்தாவது சம்பவம் அது. நல்ல நிலம் “அம்மா!” என்று அலறியது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பையில் மிச்சமிருந்ததை இரண்டு கையாலும் அள்ளி சபையார் மேலேயே வீசிவிட்டேன். அப்போதிருந்த குருவானவர் மடியிலும் பத்துப் பதினைந்து விழுந்தது.

முப்பதும் இல்லை, அறுபதும் இல்லை, நூறும் இல்லை. வெறும் தோல். டீச்சர் என் காதைத் திருகிக்கொண்டு கேட்டார்: “பைத்தியக்காரா, யாருக்குப் போடணுமோ அவங்களுக்குப் போடாம, ஏன்டா எல்லாருக்கும் போட்டே?”

அந்தப் பாறை இன்றைக்கு, சபையை நிர்வகிக்கும் நம் சேகரக் கமிட்டியில் இருக்கிறது. பெயர் சொல்ல மாட்டேன். நீங்கள் தேட வேண்டாம், இந்த நிமிஷமும் ஏதோ மென்றுகொண்டுதான் இருக்கிறது.

டீச்சர் அன்றைக்குக் கேட்டதும் அண்ணன் இன்றைக்குக் கேட்டதும் ஒரே கேள்வி. அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அண்ணே, அதற்கப்புறம் கொஞ்சம் படித்துவிட்டேன்.

முதலில், இந்தக் கதையை யார், எங்கே சொன்னார்கள்? கலிலேயாக் கடலில் ஒரு படகில் உட்கார்ந்து இயேசு சொல்கிறார், ஜனங்கள் கரையில் நிற்கிறார்கள். நின்றவர்களில் பாதிப்பேர் காலில் வயல் மண் ஒட்டியிருக்கும். சொன்னவர் தச்சர். இயேசு கலப்பையும் நுகமும் செய்தவர் என்று 2ஆம் நூற்றாண்டிலேயே ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ அறிஞர் எழுதி வைத்திருக்கிறார். கலப்பை செய்தவருக்கு விதைக்கத் தெரியாது என்று, கலப்பையைப் பாடப் புத்தகத்தில் பார்த்த அண்ணன் சொல்கிறார்!

நம் ஊரில் உழுதுவிட்டு விதைப்போம். அந்த ஊரில் முன்மாரி என்கிற முதல் மழை பெய்ததும் விதையைத் தூவிவிட்டு, அதற்குமேல் உழுது மூடுகிற வழக்கமும் இருந்தது. கி.பி. 200 வாக்கில் தொகுத்த யூதர்களின் மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பில், ஓய்வுநாளில் செய்யக்கூடாத 39 வேலைகளை வரிசை போட்டிருக்கிறார்கள். முதல் வேலை விதைப்பது. இரண்டாவதுதான் உழுவது. இப்போது கணக்குப் பாருங்கள். அறுப்பு முடிந்த வயலில் ஆறு மாதம் ஆட்கள் குறுக்கே நடந்து நடந்து ஒற்றையடிப்பாதை விழுந்திருக்கும். அது வழியோரம். அதையும் சேர்த்துத்தான் உழப்போகிறான், அதனால் அதிலும் விதை விழுகிறது. மேலே நாலு விரல் மண், கீழே பாறை. உழும்போது கொழு முட்டினால்தானே தெரியும்? முள் காய்ந்து கிடக்கிறது, வேர் உள்ளே உயிரோடு இருக்கிறது. பார்த்தால் நல்ல நிலம் மாதிரியேதான் இருக்கும். அவன் பாறையைத் தேடிப்போய் விதைக்கவில்லை, அண்ணே. பாறைதான் நிலம் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு படுத்திருந்தது. நான் பார்த்திருக்கிறேன்!

அப்புறம் அந்த ‘நாலில் மூணு போச்சு’. எந்த வேதாகமத்தில் இருக்கிறது? நாலு இடம் என்றுதான் இருக்கிறது, நாலு சம பங்கு என்று இல்லை. மாற்கு எழுதிய கிரேக்கத்தைப் பார்த்தால் இன்னும் ருசியாக இருக்கிறது. வழியோரத்தில் விழுந்தது ஒருமை. பாறையில் ஒருமை. முள்ளில் ஒருமை. நல்ல நிலத்துக்கு வரும்போதுதான் பன்மை. தொலைந்தவற்றை ஒன்று, ஒன்று, ஒன்று என்று எண்ணிவிட்டு, விளைந்ததைச் சொல்லும்போது முப்பது, அறுபது, நூறு என்று வாய் நிறையச் சொல்கிறார். நஷ்டக் கணக்கு எழுதுகிறவர் இப்படியா எழுதுவார்?

எதிரணித் தங்கச்சி ஒருவர் மாற்கு 4:28ஐ எடுத்துப் போட்டார். ‘நிலமானது தானாய்க் கொடுக்கும்’ என்று இருக்கிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். நல்ல கேள்வி. மணி அடிக்கப் போகிறது, அதனால் அதை அடுத்துப் பேசுகிறவருக்கு விட்டுவிடுகிறேன். (என்னைப் பார்த்து ஏன் முறைக்கிறீர்கள்? ஒரே அணிதானே?) நான் கேட்பது ஒன்றுதான், தங்கச்சி. நிலமே பெரிது என்றால், மத்தேயு 13:18இல் இயேசு ‘நிலத்தைப் பற்றிய உவமையைக் கேளுங்கள்’ என்றுதானே சொல்லியிருக்க வேண்டும்? ‘விதைக்கிறவனைப்பற்றிய உவமையைக் கேளுங்கள்’ என்கிறார். தலைப்பு அவர் வைத்தது. நடுவர் அவர்களே, தீர்ப்பை நீங்கள் மாற்றலாம், தலைப்பை மாற்ற முடியாது.

பாறைக்கும் ஏன் போட்டான் என்றால், இது பாறை என்று முடிவுகட்டும் வேலையை அவன் எடுத்துக்கொள்ளவில்லை. ‘காற்றைக் கவனிக்கிறவன் விதைக்கமாட்டான்’ என்கிறது வேதத்தில் பிரசங்கி புத்தகம். தேசத்தில் பஞ்சம் உண்டான நேரத்தில் கேராரில் விதைத்த ஈசாக்குக்கு நூறு மடங்கு கிடைத்தது என்கிறது ஆதியாகமம். சேகரக் கமிட்டிப் பாறையை எட்டு வயதிலேயே ‘இது தேறாது’ என்று விட்டிருந்தால், இன்றைக்கு இந்தப் பந்தலுக்குக் கால் ஊன்ற ஆள் ஏது? காலையிலிருந்து நின்று போட்டது அவன்தான்.

இதற்குமேல் எனக்கு வாதம் இல்லை, நடுவர் அவர்களே. ஒரே ஒரு வசனம் இருக்கிறது. சங்கீதம் 126. ‘கண்ணீரோடே விதைக்கிறவர்கள் கெம்பீரத்தோடே அறுப்பார்கள்’ என்பது எல்லோருக்கும் தெரியும், காலண்டரில் போட்டிருப்பான். அடுத்த வசனத்தைப் பாருங்கள்: ‘அள்ளித்தூவும் விதையைச் சுமக்கிறவன் அழுதுகொண்டு போகிறான்.’ அறுக்கும்போது அழுதால் புரிகிறது, விளைச்சல் கம்மி. விதைக்கப் போகும்போதே ஏன் அழுகிறான்?

நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது எனக்கு அது புரிந்துவிட்டது. எங்களுக்கு மானாவாரிப் புஞ்சை, கம்பு போடுவோம். அந்த வருஷம் வீட்டில் தானியம் தீர்ந்து, கூழ் நாளுக்கு நாள் தண்ணீராகிக்கொண்டே வந்தது. ஆனால் உத்திரத்தில் ஒரு சுரைக்குடுக்கை தொங்கும். உள்ளே விதைக்கம்பு, சாம்பல் கலந்து, வாயைத் துணியால் அடைத்து வைத்தது. ராத்திரி படுத்தால் அது நேர் மேலே தெரியும். அதைக் கேட்கக் கூடாது என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. நாங்கள் கேட்டதும் இல்லை.

ஒரு நாள் மழை பெய்தது. விடியற்காலையில் அம்மா குடுக்கையை இறக்கி, கடகப்பெட்டியில் கொட்டினாள். நாலைந்து மணி தரையில் சிந்தியது. என் தங்கைக்கு அப்போது மூன்று வயது. பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டது. அம்மா அதன் வாய்க்குள் விரலை விட்டு எடுத்தாள். முந்தானையில் துடைத்துப் பெட்டியில் போட்டாள். போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்பா பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தார். அவர் அழுதாரா என்று எனக்குத் தெரியாது, நான் பார்த்தது முதுகைத்தான்.

அந்த வருஷம் நூறு மடங்கு விளைந்தது என்று இந்த இடத்தில் சொன்னால் நீங்கள் கைதட்டுவீர்கள், எனக்குப் பரிசும் கிடைக்கும். விளையவில்லை. அதற்கப்புறம் மழையே இல்லை. முளைத்தது அத்தனையும் தீய்ந்துபோனது. நிலம் அதேதான், எதிரணி நண்பர்களே. முந்தின வருஷம் கொடுத்த அதே நிலம்.

அடுத்த வருஷம் அப்பா பக்கத்து ஊருக்குப் போய், ஒரு மரக்காலுக்கு ஒன்றரை மரக்காலாகத் திருப்பித் தருகிறேன் என்று சொல்லி விதை கடன் வாங்கி வந்தார். அதே கடகப்பெட்டி. மழை பெய்த மறுநாள், கோழி கூப்பிடும் முன்னால் எழுந்து, அப்பா விதைக்கப் புறப்பட்டார்.

மணி அடித்துவிட்டீர்கள். நன்றி, வணக்கம்.