ஓர் இலையும் 96 குழிகளும்

அனைவருக்கும் வணக்கம். மேடைக்கு வருவதற்குச் சற்று முன்னால், பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா தன் போனை நீட்டினார். ஒரு செடியின் படம். அதன் கீழே, "புற்றுநோய் செல்களைக் கொல்கிறது, ஆய்வில் நிரூபணம்" என்று இருந்தது. "இது உண்மைதானாங்க?" என்று கேட்டார். அவர் வீட்டில் யாருக்கோ சிகிச்சை நடக்கிறது என்பது முகத்திலேயே தெரிந்தது. பேசி முடிப்பதற்குள் பதில் சொல்கிறேன் என்றேன். அதனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஆய்வகத்தில் என்ன நடக்கிறது என்பதையே இன்று சொல்கிறேன்.

முதலில் செடி எது என்று உறுதிசெய்ய வேண்டும். பூவோடு ஒரு கிளையை அழுத்திக் காயவைத்து, தாவரவியலாளரிடம் காட்டி, ஹெர்பேரியம் என்ற உலர்செடிச் சேகரிப்பில் எண் போட்டு வைக்கிறோம். ஒரே பெயரில் இரண்டு மூன்று செடிகள் வழங்குவது உண்டு. இதில் பிசகினால் பின்னால் செய்வதெல்லாம் வீண். அப்புறம் இலையை நிழலில் உலர்த்திப் பொடித்துக் கரைப்பானில் ஊறவைக்கிறோம். ஹெக்ஸேனில் மெழுகும் கொழுப்பும் இறங்கும், மெத்தனாலில் ஃபீனால் என்ற வேதிப்பொருள் வகைகள் இறங்கும். ஒரே இலைதான், ஆனால் சாறு வேறு வேறு. கரைப்பானை ஆவியாக்கினால் கரும்பச்சைப் பசை மிஞ்சும். அதை டிஎம்எஸ்ஓ என்ற திரவத்தில் கரைக்கிறோம். அளவு கூடினால் டிஎம்எஸ்ஓவே செல்லைக் கொன்றுவிடும். அதனால் சாறு சேர்க்காமல் அதை மட்டும் விட்ட குழிகளும் தட்டில் இருந்தாக வேண்டும்.

தட்டு என்றால் உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் தட்டு. அதில் 96 சின்னக் குழிகள். ஒவ்வொன்றிலும் சில ஆயிரம் புற்றுநோய் செல்களை விட்டு, அவை அடியில் ஒட்டிக்கொள்ள ஒரு நாள் கொடுத்து, சாற்றைப் பல அளவுகளில் சேர்க்கிறோம். ஒன்றிரண்டு நாள் கழித்து எம்டிடி என்ற மஞ்சள் சாயத்தை விடுவோம். உயிருள்ள செல் அதை ஊதா நிறமாக மாற்றும். நுண்ணோக்கியில் பார்த்தால் செல்களைச் சுற்றி ஊதா ஊசிகள் முளைத்ததுபோல் இருக்கும். ஊதா வெளிறியிருந்தால் செல்கள் செத்திருக்கின்றன என்று கணக்கு.

இந்தக் கணக்கு தவறும் இடத்தைச் சொல்கிறேன். என்னிடம் படித்த ஒரு மாணவியின் தட்டில் சாறு அதிகமுள்ள குழிகளில்தான் ஊதா அடர்த்தியாக இருந்தது. சாறு செல்களை வளர்க்கிறதோ என்று குழம்பிப் போனாள். சரி, செல்லே இல்லாத குழியில் சாற்றையும் சாயத்தையும் மட்டும் விட்டுப் பார் என்றேன். அதுவும் ஊதாவானது! சாற்றில் இருந்த ஃபீனால் வகைகளே சாயத்தை மாற்றிவிட்டன. புரதத்தில் ஒட்டும் வேறொரு சாயத்தை வைத்துப் பார்த்தபோது, அதே குழிகளில் பாதிக்குமேல் செல்கள் செத்துக்கிடந்தன. செல் இல்லாத அந்தக் குழியை வைக்காமல் போயிருந்தால், தலைகீழான முடிவை நாங்கள் எழுதியிருப்போம்.

அடுத்தது அளவு. பாதி செல்களைக் கொல்லத் தேவையான அளவை ஐசி50 என்கிறோம். மில்லிலிட்டருக்கு 500 மைக்ரோகிராம் என்று ஒரு முடிவு வருகிறது என்று வையுங்கள். உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம். ரத்தத்தில் மட்டும் அந்தச் செறிவு வரவே இரண்டரை கிராம் சாறு ஒரே நேரத்தில் அங்கே இருக்க வேண்டும். குடலும் கல்லீரலும் அதை அப்படியே விட்டுவைக்காது. அதே அளவு சாதாரண செல்களையும் கொன்றால் அது வெறும் நஞ்சுதான். நல்ல செல்லை விட்டுவிட்டு நோயுற்றதைத் தாக்குகிறதா என்பதே எனக்கு முதல் கேள்வி. எத்தனையோ கட்டுரைகளில் அந்த ஒப்பீடு இல்லாததைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

சாறு நுண்ணுயிரிகளைத் தடுக்கிறதா என்று பார்க்கும் முறை இன்னும் எளிது. அகார் என்ற கூழ் உறைந்த தட்டில் பாக்டீரியாவைப் பரப்பி, சாறு ஊறிய 6 மில்லிமீட்டர் காகித வில்லையை வைத்தால், மறுநாள் சுற்றிலும் தெளிந்த வளையம் தெரியும். பெரிய வளையம் என்றால் வீரியமான மருந்து என்று அர்த்தமில்லை. எண்ணெய்ப் பொருள் அகாரில் நகராது, வளையமும் சிறுக்கும். அதனால் வளர்ச்சியைத் தடுக்கும் குறைந்தபட்சச் செறிவைத் தனியாக அளக்கிறோம்.

சரி, செடியிலிருந்து மருந்து வந்ததே இல்லையா? வந்திருக்கிறது. நித்தியகல்யாணியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜமைக்காவில் அதன் இலையைச் சர்க்கரை நோய்க்குக் குடித்தார்கள். அந்த இலை கனடாவில் ராபர்ட் நோபிள் என்ற ஆய்வாளரிடம் வந்து சேர்ந்தது. சாறு கொடுத்த எலிகளுக்குச் சர்க்கரை குறையவில்லை, ஆனால் பாக்டீரியா தொற்றில் செத்தன. ஏன் என்று பார்த்தால், வெள்ளையணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. அப்படியானால் வெள்ளையணுக்கள் பெருகும் ரத்தப் புற்றுநோய்க்கு இது உதவுமா? அந்தக் கேள்வியிலிருந்துதான் நோபிளும் அவரோடு வேலை செய்த சார்லஸ் பீரும் 1958இல் வின்பிளாஸ்டின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். அதன் உறவான வின்கிரிஸ்டின் 1963இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் அதைத்தான் கொடுக்கிறோம். ஒரு தடவைக்குப் பொதுவாக 2 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை, அதுவும் நரம்பு பாதிக்கப்படுகிறதா என்று கவனித்துக்கொண்டே. இலையை அரைத்துக் குடித்தால் அந்த அளவை யார் நிர்ணயிப்பது?

அம்மா, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்தச் செய்தி பொய்யாக இருக்க வேண்டியதில்லை. தட்டில் செல்கள் செத்திருக்கலாம். மனிதரில் சோதித்தார்களா என்பதை அது சொல்லவில்லை. இன்னொன்றையும் யோசியுங்கள். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகையைச் சாப்பிட்டவர்களுக்கு, இரினோடெக்கான் என்ற புற்றுநோய் மருந்தின் வேலை செய்யும் பகுதி ரத்தத்தில் சுமார் 40 சதவீதம் குறைந்தது. கல்லீரல் மருந்தைக் கையாளும் விதத்தையே அந்த மூலிகை மாற்றிவிட்டது. அதனால் சிகிச்சையை நிறுத்தாதீர்கள், இலையையும் கேட்காமல் கொடுக்காதீர்கள். செடியின் பெயரை ஒரு தாளில் எழுதி உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள், தாவரவியல் பெயரோடு நானே எழுதித் தருகிறேன்.