சாயங்காலம் ஆனா ‘வீட்டுக்குப் போகணும்’ங்கிற மாமியார், பார்த்துக்கற மருமகளுக்கு யார் துணை?

வணக்கம். இன்னைக்கு முதல் கேள்வி வியாசர்பாடியில இருந்து ஒரு தங்கச்சி அனுப்பினது. பேர் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க. நீளமா எழுதியிருக்காங்க, முக்கியமானதை மட்டும் படிக்கிறேன்.

“அக்கா, என் மாமியாருக்கு 82 வயசு. ரங்கூன்ல பொறந்தவங்க, 1964-ல கப்பல்ல வந்து இறங்கின குடும்பம். ரெண்டு வருஷமா மறதி. இப்ப சாயங்காலம் அஞ்சு மணி ஆச்சுன்னா புடவையெல்லாம் மூட்டை கட்டிக்கிட்டு ‘வீட்டுக்குப் போகணும், வண்டி கூப்பிடு’ங்கிறாங்க. திடீர்னு பர்மா பாஷை பேசறாங்க, எங்களுக்குப் புரியல. சாப்பிட்டு கை கழுவின உடனே வாசல்ல உக்காந்து ‘இவ எனக்குச் சோறே போடல’ன்னு பக்கத்து வீட்ல சொல்றாங்க. வீட்டுக்காரர் ஹார்பர்ல டிரெய்லர் ஓட்டறார், பாதி நாள் ராத்திரி வீட்ல இருக்க மாட்டார். கொழுந்தனார் ‘வயசானா அப்படித்தான்’னு சொல்லிட்டுப் போயிடறார். லண்டன்ல இருக்கிற நாத்தனார் ‘இங்கல்லாம் பார்த்துக்கறவங்களுக்குன்னே நர்ஸ் இருக்காங்க’ன்னு சொல்றாங்க. இங்க எனக்குன்னு யாருக்கா இருக்கா? நான் ஏதாவது தப்பு பண்றேனா?”

கடைசியில கேட்டதுக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். இல்லம்மா. நீங்க தப்பு பண்ணல.

அந்தச் சோறு விஷயம் இருக்கே, அது உங்களை எப்படிக் குத்தும்னு எனக்குத் தெரியும். எங்கப்பாவுக்கும் இதே மறதி நோய்தான், டாக்டருங்க டிமென்ஷியாம்பாங்க. ஊட்டி விட்டு, வாய் துடைச்சு விட்டு, நான் தட்டு கழுவப் போறதுக்குள்ள எதிர் வீட்டம்மாகிட்ட ‘காலைல இருந்து பட்டினி’ம்பார். நானே நர்ஸு. முப்பது வருஷம் வார்டுல நின்னவ. அப்படியும் ஒரு நாள் அவர்கிட்ட கத்திட்டேன், அப்புறம் பாத்ரூம்ல போய் அழுதேன். அவங்க பொய் சொல்லலம்மா. இந்த வியாதியில மூளையில புது ஞாபகத்தைப் பதிய வைக்கிற இடம்தான் பெரும்பாலும் முதல்ல அடிபடும். பத்து நிமிஷம் முன்னாடி சாப்பிட்டது அவங்க மனசுல பதியவே இல்ல. பதியாததை நாம ‘ஞாபகம் இல்லையா’ன்னு கேட்டா, அவங்களுக்கு அது நாம ஏமாத்தற மாதிரி இருக்கும். அதனால வாதம் வேண்டாம். தட்டை உடனே எடுக்காதீங்க, கொஞ்ச நேரம் அவங்க கண்ணுல படற மாதிரி இருக்கட்டும். ஒரே வேளையில நிறைய போடாம ரெண்டா பிரிச்சுக் கொடுங்க. ‘சோறு போடல’ன்னா, ‘இதோ கொண்டு வரேன்’னு ரெண்டு பிஸ்கெட், அரை டம்ளர் பால். சர்க்கரை இருந்தா அதுக்குத் தகுந்த மாதிரி.

பக்கத்து வீட்ல நீங்களே போய் வியாதி பேரைச் சொல்லிடுங்க. மறைக்காதீங்க. நம்ம பக்கம் வீடுங்க எல்லாம் ஒட்டி ஒட்டி இருக்கு, ஒரு வீட்ல இருமினா மூணு வீட்டுக்குக் கேக்கும். நீங்க சொல்லலன்னா அவங்களா ஒரு கதை கட்டுவாங்க. சொல்லிட்டீங்கன்னா, அதே வாசல்ல உக்காந்திருக்கிறவங்க உங்க மாமியாரைப் பார்த்துக்கற ஆளா மாறிடுவாங்க. தெருமுனை டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு தம்பிங்க, எல்லார்கிட்டயும் அவங்க போட்டோவும் உங்க நம்பரும் இருக்கட்டும்.

இப்ப ‘வீட்டுக்குப் போகணும்’. பொழுது சாயற நேரத்துல இந்தத் தவிப்பு நிறைய பேருக்கு வரும். உடம்பு சோர்ந்திருக்கும், வெளிச்சம் குறையும், நிழல் நீளும், இருக்கிற இடம் புது இடம் மாதிரி தெரியும். நாலரை மணிக்கே எல்லா லைட்டும் போட்டுடுங்க. ‘இதான் உங்க வீடு, ரங்கூனை விட்டு வந்து அறுபது வருஷம் ஆச்சு’ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அவங்களுக்கு அந்த நிமிஷம் இருபது வயசு. அவங்க கேக்கறது ரங்கூன் தெருவா, அவங்கம்மா இருந்த வீடான்னு நமக்குத் தெரியாது. ‘போலாம்மா, டீ குடிச்சிட்டுப் போலாம்’னு சொல்லுங்க. கையைப் பிடிச்சுக்கிட்டு தெருக்கோடி வரைக்கும் நடந்து திரும்பி வாங்க. வேலை ஏதாவது கையில கொடுங்க. பூண்டு உரிக்கச் சொல்லுங்க. பர்மாவுல இருந்து வந்தவங்க வீட்ல அத்தோ, மொய்ங்கான்னு அந்த ஊர் நூடுல்ஸ் செய்யாம இருந்திருக்க மாட்டாங்க, அந்தக் கை வேலையை மறந்திருக்காது. வெங்காயம் வறுக்கிற வாசனை வந்தா எங்க தெருவுல ஒரு பாட்டி அதுவரைக்கும் இருந்த கோவத்தை விட்டுட்டு அடுப்பாண்ட வந்து நிப்பாங்க. எண்ணெய் கிட்ட மட்டும் விடாதீங்க.

பர்மா பாஷை பேசறதைப் பத்தி கேட்டீங்க. இதை ‘புத்தி பேதலிச்சிடுச்சு’, ‘காத்து கருப்பு’ன்னு யாராவது சொல்லியிருப்பாங்க. சின்ன வயசு ஞாபகம் கடைசி வரைக்கும் தங்கும்மா, அந்த வயசுல தெருவுல பேசின பாஷையும் அது கூடவே வருது. கொருக்குப்பேட்டையில தெலுங்கு பேசற பெரியவங்க, மண்ணடியில உருது பேசறவங்க வீட்லயும் இதைப் பார்த்திருக்கேன். நாப்பது வருஷம் நம்மகூட நல்லா தமிழ் பேசினவர், வியாதி முத்தினதும் தாய்மொழிக்குத் திரும்பிடுவார். லண்டன், பிராட்ஃபோர்டு பக்கம் பஞ்சாபி, குஜராத்தி, சில்ஹெட்டி பேசற பெரியவங்களுக்கும் இதேதான். இங்கிலீஷ் கழண்டு போயிடும், பார்த்துக்க வர்ற ஆளுக்கு இங்கிலீஷ் மட்டும்தான் தெரியும். மறதியைச் சோதிக்கிற கேள்விங்களும் ரொம்ப காலமா இங்கிலீஷ்ல, படிச்சவங்களுக்குத் தகுந்த மாதிரிதான் இருந்துச்சு. அதனாலதான் 2004-ல ஆஸ்திரேலியாவுல, சிட்னியில, எந்த மொழிக்காரங்களுக்கும் பொருந்தற மாதிரி ருடாஸ்னு ஒரு சோதனை கொண்டு வந்தாங்க. உங்களுக்கு இதுல என்ன வேலைன்னா, டாக்டர்கிட்ட போகும்போது அவங்க எந்த ஊர்ல பொறந்தாங்க, என்ன படிச்சாங்க, தமிழ் எழுத்து தெரியுமா, காது எப்படின்னு நீங்களே முதல்ல சொல்லிடணும். படிக்காதவங்களை ‘நூறுல இருந்து ஏழு ஏழா கழிங்க’ன்னு கேட்டு மார்க் போட்டா அது சரியா வராது. வீட்ல, உங்க காலனியிலயே பர்மா பாஷை தெரிஞ்ச பெரியவங்க யாராவது இருப்பாங்க. வாரத்துல ரெண்டு நாள் அரை மணி நேரம் வந்து பேசச் சொல்லுங்க. அந்த அரை மணி நேரம் நீங்க படுத்துக்கோங்க.

இப்ப லண்டன் நாத்தனார். அவங்க சொல்றது நிஜம். அங்க அட்மிரல் நர்ஸ்னு இருக்காங்க, நோயாளியோட சேர்த்து குடும்பத்துக்கும் துணையா நிக்கிறதுக்குன்னே பயிற்சி எடுத்தவங்க. 2014-ல வந்த சட்டப்படி இங்கிலாந்துல வீட்ல பார்த்துக்கறவங்களுக்கு ‘உனக்கு என்ன தேவை’ன்னு உள்ளாட்சி நிர்வாகம் கேட்டு மதிப்பிட்டாகணும். ஆனா அதே ஊர்ல நம்மள மாதிரி தெற்காசியக் குடும்பங்க இந்த உதவிகிட்ட ரொம்ப லேட்டா, தலைக்கு மேல வெள்ளம் போனப்புறம்தான் போறாங்கன்னு அங்க திரும்பத் திரும்ப சொல்றாங்க. ஏன்னா வியாதிக்கு வீட்டு பாஷையில சரியான பேர் இல்ல. வெளிய தெரிஞ்சா பொண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்குமான்னு பயம். பகல் நேர மையத்துக்குப் போனா அவங்க சாப்பாடு நமக்கு ஆகாது, குளிப்பாட்ட ஆம்பளை வருவாரோன்னு கூச்சம். இது எல்லாத்துக்கும் மேல ஒண்ணு இருக்கு. ‘அவங்க கூட்டுக் குடும்பம், அவங்களே பார்த்துப்பாங்க’ன்னு அங்க அதிகாரிங்களும் நினைக்கிறாங்க, நம்ம ஆளுங்களும் பெருமையா சொல்லிக்கிறாங்க.

‘குடும்பம் பார்த்துக்குது.’ இந்த வார்த்தை மேல எனக்கு ரொம்ப நாளா கோவம். எந்தக் குடும்பத்துல வேணா போய் கேளுங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு துணி மாத்தி விடறது யாருன்னு. ஒரே ஒரு பேர்தான் வரும். பெரும்பாலும் மருமக, இல்லன்னா கல்யாணமாகாத பொண்ணு. இந்தியாவுல 60 வயசு தாண்டினவங்கள்ல 88 லட்சம் பேருக்கு இந்த வியாதின்னு 2023-ல வந்த கணக்கு சொல்லுது. அந்தக் கணக்குல தூங்காம முழிச்சிருக்கிற மருமகளுங்க சேர்த்தி இல்ல.

அதனால ஒரு நோட்டு எடுங்க. ஒரு வாரம், எந்நேரம் யாரு என்ன செஞ்சாங்கன்னு எழுதுங்க. குத்தம் சொல்ல இல்ல, கண்ணுக்குத் தெரியணும். அதை வெச்சுக்கிட்டு கொழுந்தனாரை அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போங்க. நீங்க நூறு தடவை சொல்றதை டாக்டர் ஒரு தடவை சொன்னா கேப்பார். வாரத்துல ரெண்டு ராத்திரி அவர் வந்து படுக்கணும். நாத்தனாருக்கும் வேலை இருக்கு. இங்க சாயங்காலம் அஞ்சுன்னா அங்க பகல் பன்னெண்டரை, குளிர்காலத்துல பதினொண்ணரை. தினம் அந்த நேரத்துல வீடியோ கால்ல அம்மாகிட்ட இருபது நிமிஷம் பேசட்டும். மூட்டை கட்டற நேரம் அப்படியே தாண்டிடும். காசு அனுப்பினா, புடவைக்கு வேண்டாம், வாரம் மூணு நாள் பகல்ல ஒரு ஆளு வெக்கிறதுக்கு அனுப்பச் சொல்லுங்க.

ஆஸ்பத்திரின்னு சொன்னேன். எங்கப்பாவை முதல்ல காட்டின இடத்துல, எந்த இடம்னு வேண்டாம், ‘வயசாச்சும்மா, வீட்டுக்கு கூட்டிட்டுப் போங்க’ன்னு ரெண்டு நிமிஷத்துல அனுப்பிட்டாங்க. அதை நம்பி நான் ஒரு வருஷம் சும்மா இருந்தேன். நீங்க இருக்காதீங்க. தைராய்டு, பி12 குறைவு, மனச்சோர்வு, எப்பவோ விழுந்து தலையில கட்டின ரத்தம், இதெல்லாம்கூட மறதி மாதிரியே வரும், வைத்தியம் பண்ணினா தேறவும் வாய்ப்பு இருக்கு. உங்களுக்கு ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி பக்கம். நரம்பியல், மனநலம் ரெண்டு பிரிவும் அங்க இருக்கு. சாப்பிடற மாத்திரை எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டுப் போங்க. தூக்க மாத்திரையோ, சளிக்குப் போடற தூக்கம் வர்ற மாத்திரையோ மெடிக்கல் ஷாப்ல நீங்களா வாங்கிக் கொடுக்காதீங்க, குழப்பம் கூடும். ஒரே நாள்ல திடீர்னு ரொம்ப மோசமானாங்கன்னா அது மறதி நோய் முத்தினது இல்ல, பெரும்பாலும் சிறுநீர்ல கிருமி, காய்ச்சல், உடம்புல தண்ணி வத்தறது. அன்னைக்கே கூட்டிட்டுப் போங்க.

கிண்டியில கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்துல 2024-ல திறந்த தேசிய முதியோர் மருத்துவமனை இருக்கு. வண்ணாரப்பேட்டையில மெட்ரோ ஏறினா நேரா கிண்டி. ஆனா கூட்டத்துல அவங்க மிரளுவாங்க, காலை நெரிசல் ஓய்ஞ்சப்புறம், கூட ரெண்டு பேரா போங்க. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்துல சர்க்கரை, பிரஷர் மாத்திரையும், படுத்த படுக்கையா ஆனா வலி நிவாரண கவனிப்பும் வீட்டுக்கே வரும், உங்க ஏரியா நகர்ப்புற சுகாதார நிலையத்துல பேரைப் பதிஞ்சு வைங்க. அண்ணா நகர்ல ஸ்கார்ஃப் நிறுவனம் மறதி நோய்க்குன்னு மையம் நடத்தறாங்க. பெரியவங்க சம்பந்தமான உதவிக்கு 14567. உங்க மனசு தாங்கலன்னா 14416, டெலி மானஸ், தமிழ்லயே பேசலாம், ராத்திரியும் எடுப்பாங்க. மாமியாருக்காக இல்லம்மா, உங்களுக்காக அந்த நம்பரைக் கூப்பிடுங்க. உங்க பிரஷர் எவ்வளவுன்னு நீங்க எழுதவே இல்லையே, அதையும் பாருங்க.

கீழ ஒரு வரி சேர்த்திருக்காங்க. “ராத்திரி கதவைத் திறந்துட்டுப் போயிடுவாங்களோன்னு பயந்து வெளிய பூட்டு போட்டுட்டு தண்ணி பிடிக்கப் போறேன், சரியா?” வெளிய பூட்டாதீங்க. உள்ள அவங்க தனியா, தீ பிடிச்சா யாரும் போக முடியாது. தாழ்ப்பாளை கண்ணுக்குப் படாத மாதிரி கதவோட அடியில மாத்தி வைங்க, கதவுல ஒரு சின்ன மணி கட்டுங்க. சிலிண்டர் ரெகுலேட்டரை ராத்திரி மூடிடுங்க. அவங்க வளையல்லயோ ஜாக்கெட் உள்பக்கமோ உங்க போன் நம்பர் இருக்கணும். தண்ணி பிடிக்கிற பத்து நிமிஷத்துக்கு, அந்த ‘சோறு போடல’ன்னு கேட்ட பக்கத்து வீட்டம்மாவையே கூப்பிட்டு உக்கார வைங்க. இவ்வளவு சொன்னப்புறம் அவங்க வருவாங்க.