பெங்குவின் வில்லனும் சிகரெட் புகையும்

தலைமை தாங்குற அய்யாவுக்கும், ஹால் குடுத்து உதவின நூலகர் அம்மாவுக்கும், வேலையெல்லாம் விட்டுட்டு வந்திருக்கற கவுன்சிலர் அண்ணனுக்கும், முன்வரிசையில இருக்கற ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் அய்யாவுக்கும், தாய்மார்களுக்கும், மைக் செட் தம்பிக்கும் வணக்கம்.

இன்னிக்கு அமெரிக்க நடிகர் பர்ஜெஸ் மெரிடித்தைப் பத்தி மூணு விஷயம் பேசப்போறேன். அவரோட நடிப்பு, கம்யூனிஸ்ட்டுன்னு சந்தேகப்பட்டவங்களுக்கு சினிமா வேலை குடுக்காம ஒதுக்கின மெக்கார்த்தி காலத்துல கறுப்புப் பட்டியல்ல மாட்டி அவர் பட்ட பாடு, அப்புறம் சிகரெட். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்னு நம்ம பெரியவங்க சொல்லுவாங்க, அதை மனசுல வச்சுக்கிட்டுக் கேளுங்க.

1907ல கிளீவ்லண்ட்ல பொறந்தவர், நாடக மேடையில பேர் வாங்கி சினிமாவுக்கு வந்தவர். ராக்கி படத்துல கிழட்டு பாக்ஸிங் கோச் மிக்கியா வந்தாரே, அவரேதான். ஆஸ்காருக்கு ரெண்டு தடவை நாமினேட் ஆனவர். ஆனா ஜனங்க மனசுல நின்னது 1966ல வந்த பேட்மேன் டிவி சீரியல்ல அவர் போட்ட வில்லன் வேஷம், பெங்குவின் தான்.

அந்த வேஷத்தைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. தலையில உயரமான தொப்பி, ஒத்தைக் கண்ணுல கண்ணாடி, நீட்டு மூக்கு, கையில குடை, வாயில நீளமான ஹோல்டர்ல சொருகின சிகரெட். இவரோ சிகரெட்டை விட்டுப் பல வருஷமாச்சு! ஆனா கேரக்டருக்கு அது வேணும், பத்த வச்சுட்டாங்க. கேமரா ஓடுது, வசனம் பேசணும், புகை தொண்டைக்குள்ள போய் கரகரன்னு அறுக்குது, இருமல் முட்டிக்கிட்டு வருது. இருமினா டேக் வீணாப்போகும், எல்லாரும் மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். மனுஷன் என்ன பண்ணாரு தெரியுமா, அந்த இருமலை அப்படியே 'குவாக் குவாக்'னு பறவை கத்தற மாதிரி மாத்திட்டாரு! அதுவே பெங்குவினோட அடையாளமாயிடுச்சு, சின்னப் பசங்க தெருவுல கத்திக்கிட்டுத் திரிஞ்சாங்க. இதுதாங்க நடிப்பு.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்னாங்களே, இவர் நடுவுலயே இறக்கி வச்சுட்டாரு பாருங்க. விட்ட உடம்பு திரும்பக் குடுத்தாலும் ஏத்துக்கல. அப்போ விடறது முடியும். தொடாமலே இருந்துட்டா விடற கஷ்டமே இல்ல, அதனாலதான் நான் போற மேடையிலெல்லாம் பள்ளிக்கூடத்து வாசலைப் பத்திப் பேசறேன். 2003லயே சட்டம் வந்தாச்சு, ஸ்கூல் காலேஜ்லேர்ந்து 100 கஜத்துக்குள்ள புகையிலை விக்கக்கூடாது, 18 வயசுக்குக் கீழ யாருக்கும் குடுக்கக்கூடாது. இந்தத் தெருமுனைக் கடையில யூனிஃபார்ம் போட்ட பையன் ஒத்த சிகரெட் வாங்கிட்டு, தொங்கற கயித்து நெருப்புலயே பத்த வச்சுட்டுப் போறதைக் கண்ணால பார்த்தேன். தொட்டில் பழக்கம் இங்கதானே ஆரம்பிக்குது?

கறுப்புப் பட்டியல் கதை பெருசு, தலைவர் அய்யா வாட்ச் பாக்கறாங்க. பள்ளிக்கூடத்து வாசல்ல சிகரெட் விக்கறதைப் பத்தி வாசல் மேஜையில கலெக்டருக்கு மனு எழுதி வச்சிருக்கோம், முதல் கையெழுத்து கவுன்சிலர் அண்ணன் போடறேன்னு சொல்லியிருக்காரு. போட்டுட்டு டீ குடிச்சிட்டுப் போங்க, வணக்கம்.