சாய்ந்து நின்ற யானை: வண்ணம் தீட்டிய தாள்களில் கைவினை

வணக்கம். மேசையின் மேல் நீங்கள் பார்க்கும் இந்தக் குவியலில் உள்ள தாள்கள் அனைத்தும் என் மகள் கடந்த சில மாதங்களில் வண்ணம் தீட்டி முடித்தவை. தூக்கி எறிய மனம் வருவதில்லை. அடுக்கி வைத்தாலோ யாரும் மறுபடி எடுத்துப் பார்ப்பதில்லை. ஆகவே இவற்றைக் கொண்டு உறை, பின்னல் விரிப்பு, காகித மணி, புதிர் அட்டை ஆகியவற்றைச் செய்து பார்த்தேன். எந்தத் தாள் எதற்குப் பொருந்தியது, எங்கே தவறியது என்பதை இன்று காட்டுகிறேன்.

தவறியதை முதலில் காட்டிவிடுகிறேன். இந்த உறையின் முகப்பில் ஒரு நீல யானை மலையேறுவது போலச் சாய்ந்து நிற்கிறது. அதன் வால் பின்பக்கத்துக்குப் போய்விட்டது. ஏ4 தாள் 21 செ.மீ. அகலமும் 29.7 செ.மீ. நீளமும் உடையது. அதிலிருந்து 21 செ.மீ. சதுரம் ஒன்றை வெட்டி, வண்ணப் பக்கம் கீழே இருக்குமாறு வைத்து, நான்கு மூலைகளையும் நடுப்புள்ளிக்கு மடித்தால், ஏறத்தாழ 15 செ.மீ. பக்கமுள்ள சதுர உறை கிடைக்கும். செய்முறை எளிது என்பதால் நானும் யோசிக்காமல் மடித்துவிட்டேன். உறையின் முகப்பாக அமைவது மூலை மேல்நோக்கி நிற்கும் நடுச்சதுரம் என்பதும், ஆகவே தாளில் நேராக நின்ற படம் உறையில் 45 டிகிரி சாய்ந்துவிடும் என்பதும் பசை காய்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. "என் யானை ஏன் விழுகிறது?" என்று மகள் கேட்டபோது சொல்வதற்கு என்னிடம் பதில் இல்லை.

அன்றிலிருந்து நான் வைத்துக்கொண்ட வழக்கம் இதுதான்: என்ன செய்யலாம் என்று முடிவெடுத்துவிட்டுத் தாளைத் தேடுவதில்லை, தாளை நன்றாகப் பார்த்துவிட்டு, அதிலிருந்து என்ன செய்யலாம் என்று யோசிக்கிறேன். உறைக்கு மேல், கீழ் என்ற பேதமில்லாத படங்களே ஏற்றவை. பூக்கள் சிதறிக் கிடக்கும் இந்தத் தாளைச் சாய்த்தாலும் திருப்பினாலும் ஒன்றும் கெடுவதில்லை, பாருங்கள். சதுரம் வெட்டியபின் மிஞ்சும் 8.7 செ.மீ. அகலத் துண்டையும் எறிந்துவிடாதீர்கள். அதை நீளவாக்கில் இரண்டாக மடித்து ஒட்டினால் இரு பக்கமும் வண்ணமுள்ள புத்தகக்குறி ஒன்று கிடைத்துவிடும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது, குழந்தை எதைக் கொண்டு வண்ணம் தீட்டியது என்பதை. கிரேயான் மெழுகால் ஆனது. மெழுகின் மேல் பசை பிடிக்காது. இரண்டு ஓரங்களை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டும்போது அடியில் இருக்கும் ஓரத்தில் கிரேயான் அடர்த்தியாக இருந்தால், எவ்வளவு அழுத்தினாலும் சற்று நேரத்தில் பிரிந்துவிடும். ஆகவே ஒட்டும் இடத்தில் ஒரு செ.மீ. அளவுக்கு வண்ணமில்லாத ஓரம் இருக்கும்படி அளந்து வெட்டுகிறேன். கிரேயான் தாளைச் சூடான லேமினேஷன் இயந்திரத்துக்குள் விடுவதையும் தவிர்த்துவிடுங்கள். மெழுகு உருகி வண்ணங்கள் இழுபடும். ஸ்கெட்ச் பேனாவின் சிக்கல் வேறு. அதன் மை பெரும்பாலும் நீரில் கரையக்கூடியது என்பதால், வெள்ளைப் பசையின் ஈரம் தாளின் பின்பக்கத்திலிருந்து ஊறி வந்து கோடுகளைக் கசியச் செய்துவிடும். அத்தகைய தாள்களுக்குப் பசைக்குச்சியே நல்லது. வண்ணப் பென்சில் எந்தத் தொல்லையும் தருவதில்லை.

இனி எனக்கு மிகவும் பிடித்த பின்னலுக்கு வருகிறேன். இதற்கு இரண்டு தாள்கள் வேண்டும். நெசவைப் போலவே ஒன்று பாவு (நீளவாக்கில் நிற்பது), மற்றொன்று ஊடு (அதன் குறுக்கே நுழைவது). பாவுக்குரிய தாளை அதன் குட்டையான இரு ஓரங்களும் பொருந்துமாறு இரண்டாக மடித்து, மடிப்பிலிருந்து எதிர் ஓரத்தை நோக்கி 2 செ.மீ. இடைவெளியில் வெட்டிக்கொண்டே போக வேண்டும். ஓரத்துக்கு 2 செ.மீ. முன்பாகக் கத்தரிக்கோலை நிறுத்திவிட வேண்டும். இப்போது விரித்தால், இரு முனைகளிலும் சேர்ந்து, நடுவில் மட்டும் பிளவுபட்ட தாள் கிடைக்கும். மற்றத் தாளிலிருந்து 2 செ.மீ. அகலமும் 21 செ.மீ. நீளமும் உள்ள பட்டைகளை வெட்டி, ஒரு பட்டை மேல், ஒரு பட்டை கீழ் என்று மாற்றி மாற்றி நுழைத்துக்கொண்டு போகலாம். ஒரு தாளிலிருந்து 14 பட்டைகள் வரும். 12 அளவில் பாவு நிறைந்துவிடும். கடைசிப் பட்டை எப்போதும் முரண்டு பிடிக்கும். முந்தையவற்றை விரலால் நெருக்கித் தள்ளிவிட்டு நுழைத்தால் போய்விடும்.

இதில் நான் கற்றுக்கொண்டவை இரண்டு. இரு தாள்களிலும் எல்லா வண்ணங்களும் கலந்திருந்தால் பின்னியபின் எதுவுமே எடுபடாது. அடர் நீலக் கடல் ஒன்றும் மஞ்சள் வெயில் ஒன்றும் என்று எதிரெதிராகத் தேர்ந்தெடுத்தால்தான் கட்டங்கள் தெளிவாகத் தெரியும். இரண்டாவது, ஊடுபட்டைகளை வெட்டும்போதே அவற்றின் பின்புறத்தில் பென்சிலால் வரிசை எண் எழுதிவிடுங்கள். அதே வரிசையில் நுழைத்தால், உடைந்த கட்டங்களுக்கிடையே பழைய படம் பாதி மறைந்தும் பாதி தெரிந்தும் எட்டிப் பார்க்கும். இந்த விரிப்பில் ஒரு கப்பலின் பாய் தெரிகிறதா? சற்றுப் பின்னால் தள்ளி வைக்கிறேன், இப்போது தெரியும்.

கோடுகளைப் பொருட்படுத்தாமல் கிறுக்கித் தள்ளிய தாள்கள் மணிகளுக்கு மிகப் பொருத்தம். 2 செ.மீ. அடியும் தாளின் முழு நீளமும் உள்ள ஒல்லியான முக்கோணங்களாக, ஒன்று நேராகவும் அடுத்தது தலைகீழாகவும் வெட்டினால் ஒரு தாளில் சுமார் 20 கிடைக்கும். அகன்ற பக்கத்திலிருந்து பல்குத்தும் குச்சியில் இறுக்கிச் சுருட்டி, நுனியை மட்டும் ஒட்டிக் குச்சியை உருவிவிட வேண்டும். சுருட்டிய மணியில் வெளியே தெரிபவை முக்கோணத்தின் ஓரங்களே என்பதால் படம் என்னவாக இருந்தாலும் கவலையில்லை. ஓரங்களில் வண்ணம் இருந்தால் போதும். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை வீட்டில் இருந்தால் மட்டும் மணிகளை எட்டாத உயரத்தில் வையுங்கள், விழுங்கிவிடக்கூடும்.

புதிர் அட்டையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். பழைய அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தில் படத்தை ஒட்டி, மறுபக்கத்திலும் ஒரு வெற்றுத் தாளை ஒட்டிவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால், காயும்போது தாள் சுருங்கி அட்டையை வளைத்துவிடும். கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு வைத்தபின், பெரியவர்கள் பிளேடால் ஆறு அல்லது ஒன்பது துண்டுகளாக நேர்கோட்டில் வெட்டினால் போதும். கடையில் விற்பதைப் போல வளைவு வளைவாக வெட்ட முயன்று நான் ஓர் ஒட்டகத்தின் முகத்தையே கிழித்துவிட்டேன்.

யானைச் சம்பவத்துக்குப் பிறகு, வெட்டும் முன் மகளிடம் அனுமதி கேட்கிறேன். கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன்பே ஒவ்வொரு தாளையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்தும் வைத்துக்கொள்கிறேன். நகல் எடுத்து அதை வெட்டலாமே என்று நீங்கள் நினைக்கலாம். கிரேயானின் மினுமினுப்பும், அழுத்தித் தீட்டிய இடத்தில் விரலுக்குத் தட்டுப்படும் மேடும் நகலில் வருவதில்லை என்பதால் எனக்கு அதில் விருப்பமில்லை.

இன்று பின்னிக் காட்டுவதற்காக இந்த மீன் படத்தைத்தான் எடுத்து வைத்திருந்தேன். காலையில் கேட்டபோது, மீனை வெட்டினால் அதற்கு வலிக்கும் என்று மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஆகவே மீன் கோப்புக்குள் போகிறது. அதற்குப் பதிலாக அவளே தந்த மேகத் தாளை இப்போது மடிக்கத் தொடங்குகிறேன்.