நகையைத் தருகிறேன், குழந்தையை விட்டுவிடு என்றால்?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்றைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. மற்றவற்றை அடுத்த முறைக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: "கோயிலில் வைத்துத் தாலி கட்டினார். திருமணத்தைப் பதிவு செய்யவில்லை. நான்கு வயதில் மகள் இருக்கிறாள். ஒத்துவராமல் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். நகை, பீரோ, பாத்திரம் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. குழந்தையை என்னிடம் விட்டால் எல்லாவற்றையும் தருகிறேன் என்கிறார். பதிவு இல்லாததால் நான் எதையும் கேட்க முடியாதா?"

கேட்கலாம் சகோதரி, தாராளமாகக் கேட்கலாம். ஆனால் அதற்கு முன்னால், அவர் பேசுகிற இந்தப் பேரத்துக்குச் சட்டத்தில் இடமே கிடையாது. ஜீவனாம்சம் பற்றிய பேச்சிலும் இதைத்தான் சொன்னேன், தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு நினைவிருக்கும்: பொருள் ஒரு கணக்கு, குழந்தை வேறு கணக்கு. இரண்டையும் ஒரே தாளில் எழுதாதீர்கள்.

பொருளை முதலில் பார்த்துவிடுவோம். திருமணத்துக்கு முன்போ, அன்றோ, பிறகோ பெண்ணுக்கென்று கொடுத்த நகை, பணம், சீர் சாமான் எல்லாம் ஸ்ரீதனம். அது அவளுக்கு மட்டுமே சொந்தம். கணவர் வீட்டுப் பீரோவில் இருப்பதால் கணவருடையதாகிவிடாது. நம்பி ஒப்படைத்ததைத் திருப்பித் தர மறுத்தால் அது நம்பிக்கை மோசடிக் குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே சொல்லிவிட்டது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் ஸ்ரீதனத்தைத் தராமல் வைத்துக்கொள்வதும் பொருளாதார வன்முறைதான். மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுத்தால் திருப்பித் தரும்படி உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. பதிவு இல்லை என்ற கவலையை விடுங்கள். பதிவு செய்யாத காரணத்துக்காக மட்டும் திருமணம் செல்லாமல் போகாது. இந்தச் சட்டமோ திருமணத்தை ஒத்த உறவில் வாழ்ந்த பெண்களையும் சேர்த்தே பாதுகாக்கிறது.

"ரசீது இல்லையே" என்று அடுத்து கேட்பீர்கள். என்னிடம் வந்த ஒரு பெண்ணும் அப்படித்தான் அழுதுகொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய அம்மா நிதானமாக, "குத்துவிளக்கு, அண்டா, குடம், தூக்குவாளி எல்லாவற்றிலும் பெயர் வெட்டியிருக்கிறதே" என்றார். சீர்ப் பாத்திரம் வாங்கும்போதே கடையில் பெயர் வெட்டி வாங்குவது நம் வழக்கம் அல்லவா? ஒவ்வொன்றின் கழுத்திலும் பெண்ணின் பெயர், இனிஷியல், கல்யாணத் தேதி. அந்த அம்மா ஒரு சாமான் விடாமல் சொல்லச் சொல்ல, வெட்டியிருந்த எழுத்துகளோடு அப்படியே மனுவில் எழுதினோம். அப்படி ஒரு பொருளே வரவில்லை என்று எதிர்த்தரப்பால் சாதிக்க முடியவில்லை. நகைக்குக் கல்யாண ஆல்பம் இருக்கிறது, வீடியோ இருக்கிறது, கூட நின்ற உறவினர்கள் இருக்கிறார்கள். இன்றே உட்கார்ந்து பட்டியல் எழுதுங்கள்.

2024-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த கேரள வழக்கு ஒன்றையும் சொல்கிறேன். பத்திரமாக வைக்கிறேன் என்று முதலிரவிலேயே கணவர் வாங்கிக்கொண்ட 89 பவுன் நகை திரும்பி வரவில்லை என்பது அந்தப் பெண்ணின் புகார். ஆதாரம் போதாது என்று உயர் நீதிமன்றத்தில் தோற்றுப்போனார். உச்ச நீதிமன்றமோ, கிரிமினல் வழக்கைப்போலச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும் என்று சொல்லி, அவருக்கு 25 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது. திருமணம் நடந்தது 2003-ல். அத்தனை ஆண்டுகள் அவர் விடாமல் நின்றார்.

சரி, குழந்தை. 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டப்படி ஐந்து வயது முடியாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்க வேண்டும். ஐந்து முடிந்த மறுநாள் தந்தையிடம் போய்விடும் என்றும் பயப்படாதீர்கள். எந்த வயதிலும் நீதிமன்றம் பார்ப்பது குழந்தையின் நலனைத்தான். யாரிடம் நகை இருக்கிறது, யார் வீட்டைவிட்டு வந்தார் என்பதெல்லாம் அங்கே எடுபடாது. சென்னையிலிருந்து மேல்முறையீடாகப் போன ஒரு வழக்கில், குழந்தைகள் வெறும் உடைமைகளும் அல்ல, பெற்றோரின் விளையாட்டுப் பொருள்களும் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1973-லேயே சொன்னது. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், பொருள் ஒரு கணக்கு, குழந்தை வேறு கணக்கு.

சகோதரி, நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது. மகள் உங்களிடமே இருக்கட்டும். அவள் தன் அப்பாவை எப்படிப் பார்ப்பாள்? நகையைத் தராதவருக்குக் குழந்தையைக் காட்ட மாட்டேன் என்று நீங்கள் சொன்னால், அவர் பேசிய அதே பேரத்தைத்தான் நீங்களும் பேசுகிறீர்கள். அவரால் குழந்தைக்கு ஆபத்து என்றால் சந்திப்பை மறுக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, அதைத் தயங்காமல் கேளுங்கள். அப்படி இல்லையென்றால், எந்தக் கிழமை, எத்தனை மணி, யார் கொண்டுவந்து விடுவது, கோடை விடுமுறையில் எத்தனை நாள், தொலைபேசியில் எப்போது பேசுவது என்று ஒவ்வொன்றையும் எழுத்தில் கேளுங்கள். 'இருவருக்கும் வசதியான நேரத்தில்' என்று எழுதிய உத்தரவுகள் வாசலில் சண்டையாக முடிவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அழுதுகொண்டு நடுவில் நிற்பது குழந்தை.

செலவை நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. உங்கள் ஊர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவிடம் போய்க் கேளுங்கள். மகளின் பிறப்புச் சான்றிதழும் தடுப்பூசி அட்டையும் அந்த வீட்டில் இருந்தால், முதல் மனுவிலேயே அவற்றையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். பள்ளியில் சேர்க்கும்போது தேவைப்படும்.