வயலுக்குள் மண் லொறி வந்தால்

நேயர்களுக்கு வணக்கம். மாரி காலத்தில் பஸ்ஸில் யாழ்ப்பாணத்து அராலிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும்: இருபக்கமும் வயல், இடையில் வழுக்கியாறு, தூரத்தில் பனங்கூடல். இந்தக் காட்சிக்குச் சட்டத்தில் காவல் உண்டா? 1946ஆம் ஆண்டின் நகர, நாட்டுப்புறத் திட்டமிடல் கட்டளைச்சட்டம் இயற்கை வனப்பைக் காப்பது பற்றிப் பேசத்தான் செய்கிறது. ஆனால் அதை நீட்டி, வயலை நிரப்ப வரும் ஒரு மண் லொறியை மறிப்பது கடினம். மறிக்கக்கூடிய சட்டங்கள் வயல், மரம், கரை என்று துண்டு துண்டாக இருக்கின்றன. எந்தத் துண்டுக்கு எந்தக் கந்தோர் என்று தெரிந்திருக்க வேண்டும்.

வயலில் தொடங்குவோம். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி, வயலை நிரப்புவதற்குக் கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி தேவை. சொந்தக் காணிக்கும் தேவை. "என்ர காணி, நான் நிரப்புவன்" என்ற பேச்சு எடுபடாது. பிரதேச சபை தரும் கட்டட அனுமதி வேறு, இது வேறு.

வழமையாக நடப்பது என்ன? ஆடி, ஆவணியில் வயல் காய்ந்து வெறுங்காணிபோலக் கிடக்கும். தெருவோரம் இரண்டு லோட் மண் விழும். கேட்டால் "பாதைக்கு" என்பார்கள். அந்தப் பாதைக்கு அடியில் வாய்க்கால் மூடுப்படும். கார்த்திகை மழைக்கு மேல்வயலில் நின்ற வெள்ளம் வடிய வழியில்லாமல் பயிர் அழுகும். இரண்டு போகம் இப்படிப் போனால் மேல்வயல்காரரும் தரிசாக விட்டு, பிறகு விற்றுவிடுவார். அடுத்த லொறி அங்கே வரும். ஊர் முறையிடப் போகும்போது அத்திவாரம் எழும்பியிருக்கும்.

ஆகவே முதல் லோட் விழுந்த அன்றே எழுதுங்கள். காணியின் பெயர், கிராம அலுவலர் பிரிவு, ஏறத்தாழ எத்தனை பரப்பு, மண் விழுந்த திகதி, வாய்க்கால் தெரியும்படி எடுத்த படம். இரண்டு பிரதி. ஒன்றைக் கமநல சேவை நிலையத்தில் கொடுத்து, மற்றதில் திகதி முத்திரை வாங்குங்கள். ரெலிபோனில் சொன்னதற்குச் சாட்சி இல்லை. அந்தத் துண்டு விவசாயக் காணி இடாப்பில் வயலாகப் பதிந்திருக்கிறதா என்றும் அங்கேயே கேளுங்கள். பதிவில்லாவிட்டால் "இது வயலே இல்லை" என்று வாதம் திரும்பும். திரும்பவும் சொல்கிறேன், முத்திரை குத்திய பிரதி கையில் இருக்க வேண்டும்.

மாடு மேயும் தரவை, வயலை நிரப்புவது பற்றிய இந்த விதிக்குள் வராது. அரச காணியானால் பிரதேச செயலகத்துக்குப் போங்கள். அத்துமீறியவரை எழுப்ப 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது.

பனைக்கு வருவோம். 1951ஆம் ஆண்டின் மரந்தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டப்படி பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றையும் அனுமதியில்லாமல் தறிக்க முடியாது. சொந்த வளவில் நின்றாலும்தான்.

கடற்கரையில், சராசரி உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டுமானத்துக்குக் கரையோரத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். கடலேரிக்கு அளக்கும் முறை வேறு. படம் கீறாமல் அதை விளக்க முடியாது, விட்டுவிடுகிறேன்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். மணற்காட்டு மணல்மேடுகளைப் பற்றி நிறையச் சொல்ல இருந்தேன். ஒன்று மட்டும்: 1992ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனியங்கள் சட்டப்படி மணல் அகழ ஓர் அனுமதி, ஏற்றிச் செல்ல இன்னோர் அனுமதி. லொறிக்காரரிடம் இரண்டையும் காட்டச் சொல்லுங்கள். வணக்கம்.