வளவுக்குள் போங்கள்

நேயர்களுக்கு வணக்கம். செட்டிநாட்டை வைத்து நாவல் எழுதுகிறேன் என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது இதுதான்: அந்த வீட்டுக்கு இப்போது எத்தனை பங்காளிகள்?

பல கையெழுத்துப் பிரதிகள் முகப்பைத் தாண்டுவதே இல்லை. பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடித் தரைக்கல், முட்டை வெள்ளை பூசிய சுவர் என்று முதல் அத்தியாயம் முடிந்துவிடும். அதையெல்லாம் சுற்றுலாக் கையேடே சொல்லிவிடுகிறது. கதை வேண்டுமென்றால் வளவுக்குள், அதாவது முற்றத்தைச் சுற்றி அறைகள் இருக்கும் உள்வீட்டுக்குள், போங்கள். நகரத்தார் என்கிற நாட்டுக்கோட்டைச் செட்டியார் வீடுகளில் மகனுக்குக் கல்யாணமானதும் ‘வேறு வைப்பது’ வழக்கம். கூரை ஒன்றுதான், அறையும் அடுப்பும் செலவுக் கணக்கும் தனி. ஒரே முற்றத்தைச் சுற்றி இரண்டு மருமகள்கள் தனித்தனியாகச் சமைக்கிறார்கள். எந்த அடுப்பில் இன்று என்ன வாசம் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். இதற்கு மேல் என்ன நாடகம் வேண்டும்?

அதே வீட்டை இன்றைக்குக் கொண்டுவாருங்கள். பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். மழைக்கு ஓடு ஒழுகுகிறது. பழுதுபார்க்க எல்லோரும் பணம் போட வேண்டும், விற்பதென்றால் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் மட்டும் மாட்டேன் என்கிறார். காரணத்தைக் கடைசிப் பக்கம்வரை ஒளித்துவைக்க வேண்டியதில்லை, பத்தாம் பக்கத்திலேயே சொல்லிவிடலாம். தெரிந்த பிறகும் யார் பக்கம் நிற்பது என்று வாசகர் திணறினால், உங்கள் நாவல் நடக்கத் தொடங்கிவிட்டது.

அப்புறம், செட்டிநாடு என்றால் செட்டியார்கள் மட்டும் இல்லை. ஆத்தங்குடியில் கல் போடுபவர் கண்ணாடியின் மேல் அச்சை வைத்து வண்ணக் கலவையை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் போடுகிறார். பூவேலை அடியில் இருக்கும். கண்ணாடியை விட்டுக் கல் வெளியே வரும்போதுதான் அதன் முகம் தெரியும். இப்படி வேலை செய்பவர் மகா பொறுமைசாலி என்று எழுதிவிடாதீர்கள், அது சோம்பேறித்தனம். அவருக்கும் கூலி பாக்கி இருக்கும், கோபம் வரும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் விற்பவரை யோசியுங்கள். பித்தளைத் தூக்குவாளியில் வெட்டியிருக்கும் எழுத்தைப் பார்த்தே எந்த வீடு பிரிந்தது என்று சொல்லும் ஒருவர் அங்கே உங்கள் கதைசொல்லியாகலாம்.

உரையாடலைப் பற்றி ஒரு வார்த்தை. ‘அப்பா’ என்று எழுதி முடித்துவிட்டு, கம்ப்யூட்டரில் எல்லா இடத்திலும் ‘அப்பச்சி’ என்று மாற்றினால் பேச்சு வந்துவிடாது. சத்தமாக வாசித்துப் பாருங்கள், காது சொல்லிவிடும்.

சரி, நாவல் முடிந்தது. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வியாபாரம் செய்ய, போன இடத்திலெல்லாம் பேரேடு எழுதியவர்களின் ஊர் இது. ஆனால் புத்தகம் என்று வந்தால் ஒப்பந்தத்தை வாய்ப்பேச்சோடு விட்டுவிடுகிறோம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை எழுதிக் கையெழுத்திட்டுத்தான் மாற்றித்தர முடியும். எத்தனை ஆண்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், எந்த நாட்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். இதனால்தான் சில ஒப்பந்தங்களில் ‘உலகெங்கும், நிரந்தரமாக’ என்று ஒரு வரி நுழைந்திருக்கும். அந்த வரியைத் தேடிப் படியுங்கள். மின்னூல், ஒலிநூல், திரைப்பட உரிமை ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பேசுங்கள்.

சொந்தமாகப் போடுபவர்களுக்கு: புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு நம் நாட்டில் கட்டணம் இல்லை, ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். யாராவது அதற்குத் தனியாகப் பணம் கேட்டால் எதற்கு என்று கேளுங்கள். அச்சகத்தில் ஒரு தாளில் சேர்த்து அடித்து மடிக்கும் பக்கங்களைப் பாரம் என்பார்கள்; பாரத்துக்குப் பெரும்பாலும் 16 பக்கம். 160 பக்கம் என்றால் சரியாகப் பத்துப் பாரம். 163 வந்தால் எங்காவது ஒரு வர்ணனையை வெட்டுங்கள், கதைக்கும் நல்லதுதான். பிழை திருத்தும் செலவில் மட்டும் கைவைக்காதீர்கள்; அட்டைக்குக் கொடுப்பதைக் குறைத்தாவது அதைச் செய்யுங்கள்.

முதலில் குறைவாக அச்சடியுங்கள். கடைக்காரர் விலையில் கழிவு கேட்பார், அதை நினைத்து விலை வையுங்கள். நம் பக்கம் மணிவிழாவுக்கு வருகிறவர்களுக்குப் புத்தகம் கொடுக்கிற வீடுகள் உண்டு. பெரும்பாலும் பக்தி நூல்கள்தான். சிறுகதைத் தொகுப்பு கொடுக்கலாமே என்று கேட்டுப் பாருங்கள்; அங்கே கழிவும் கிடையாது.